பஸ் நின்னுடுச்சு, நாம ஏன் நிக்கலை?

போன வாரம் உயிரினங்கள் பத்திப் பேசினோம். இந்த வாரம் விசையும் இயக்கமும். ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைங்க கேக்குறீங்க, அவங்களை வண்டியில ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுற அப்பா அம்மாக்களும் கேக்குறீங்க. இன்னைக்குப் பேசப்போறது பிள்ளைகளுக்குப் பரீட்சையில 2 மார்க், பெரியவங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

வகுப்பில் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். கேரம் போர்டில் ஸ்டிரைக்கரைச் சுண்டுறோம். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது. ஏன் நின்றது? பாதிப் பேர் சொல்ற பதில், "சுண்டின விசை தீர்ந்துபோச்சு சார்." நியாயமாகத் தோன்றுகிற பதில்தான். அரிஸ்டாட்டிலே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்: ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ 2,000 வருஷம் உலகம் அதை நம்பியது.

இப்போ அதே போர்டில் பவுடரைத் தூவிட்டு, அதே பலத்தில் சுண்டிப் பாருங்க. ஸ்டிரைக்கர் இன்னும் தூரம் ஓடுது. விரல் கொடுத்த விசை கூடவில்லை. விரல் விலகின அந்தக் கணத்திலேயே அது முடிந்துபோச்சு. குறைந்தது உராய்வு மட்டும்தான். அப்படியென்றால் ஸ்டிரைக்கர் தானாக நிற்கவில்லை, உராய்வு அதை நிறுத்துகிறது. கலிலியோ சாய்தளத்தில் உருண்டையை விட்டு இதைத்தான் யோசித்தார். ஒரு சரிவில் இறங்கின உருண்டை எதிர்ச் சரிவில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த, அந்த உயரத்தைத் தொட அது இன்னும் தூரம் ஓடணும். சரிவே இல்லாமல் தட்டையாக்கிட்டா? தடை இல்லாதவரை போய்க்கொண்டே இருக்கும். 1687-ல் நியூட்டன் இதை முதல் விதியாக எழுதினார். நம்ம பாடப்புத்தகத்தில் இதற்குப் பேர் நிலைமம்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். டிரைவர் பிரேக் போட்டதும் நாம முன்னாடி சாய்கிறோம். "யாரோ தள்ளின மாதிரி இருக்கு"ன்னு சொல்லுவோம். யாரும் தள்ளலை. பஸ்ஸின் தரை நம் செருப்பைப் பிடித்து நிறுத்துது. இடுப்புக்கு மேலே உள்ள உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரலை, அது பழைய வேகத்திலேயே போகுது. நடத்துநர் எப்படி நிற்கிறார்னு கவனிச்சிருக்கீங்களா? காலை அகட்டி, இடுப்பை ஒரு சீட்டில் சாய்த்து, ரெண்டு கையும் டிக்கெட்டுக்கு. இயற்பியல் படிச்சு வந்ததில்லை அந்த நிலை, ஆனால் இயற்பியல்தான்.

படிக்கட்டுப் பயணம் ஏன் ஆபத்துன்னு கேட்டால் "கை நழுவும்"னு சொல்றாங்க. அது மட்டுமில்லை. நம்ம ஊர் பஸ்ஸில் படி இடது பக்கம். பஸ் வேகமாக வலது பக்கம் திரும்பும்போது உடம்பு நேராகப் போகத்தான் பார்க்கும். நேராக என்றால், படியில் நிற்கிறவனுக்கு அது பஸ்ஸுக்கு வெளியே. உள்ளே நிற்கிறவனைக் கம்பியும் பக்கத்து ஆளும் சேர்த்துத் திருப்பிவிடுவாங்க. படியில் நிற்கிறவனைத் திருப்ப வேண்டியது அவன் விரல்கள் மட்டும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, சின்னதுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். குறுக்கே ஏதோ வருது, பார்த்து பிரேக்கை அழுத்த 1 நொடி ஆகும்னு வைப்போம். அதுக்குள்ளேயே 11 மீட்டர் போயாச்சு. பிறகு காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்றால் இன்னும் 10 மீட்டர். மொத்தம் 21. அதே வண்டி 80-ல் போனால்? எல்லாரும் 42-ன்னு சொல்லுவாங்க. யோசிக்கிற நேரத்தில் 22 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 41 மீட்டர், ஆக 63. வேகம் ரெண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு, ஏன்னா இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 40-ல் மோதுவதும், 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ரெண்டாவது மாடியிலிருந்து, விழுவதும் ஒரே வேகம். 60 என்றால் 14 மீட்டர், நாலாவது மாடியைத் தாண்டும்.

பெற்றோர் இதைக் கேளுங்க. குழந்தையை பெட்ரோல் டேங்க் மேல உக்காரவெச்சு, "நான் ரெண்டு கையால அணைச்சிருக்கேனே"ன்னு சொல்றவங்க நிறைய. குழந்தை 15 கிலோ. வண்டி 40-ல் போய் ஏதோ ஒன்றில் மோதி 0.1 நொடியில் நிற்குதுன்னு வைங்க. குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை: 15 × 11 ÷ 0.1, அதாவது 1,650 நியூட்டன். புரியிற மாதிரி சொன்னால், 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏழை ஒரே மூச்சில் தூக்குகிற பலம். அதுவும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற கையால். 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையோடு பைக்கில் போனால் 40-ஐத் தாண்டக் கூடாது, குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற வார் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த வாருக்குப் பின்னால் இருக்கிறது இந்தக் கணக்குத்தான்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்க. ஒரு பச்சை முட்டை, ஒரு அவித்த முட்டை. ரெண்டையும் தட்டில் சுழற்றி, விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி, உடனே விட்டுடுங்க. அவித்தது அப்படியே நிற்கும். பச்சை முட்டை திரும்பச் சுத்த ஆரம்பிக்கும்! ஓடுதான் நின்றது, உள்ளே இருக்கிறது நிற்கலை.

நம் தலையும் ஏறக்குறைய பச்சை முட்டைதான். மூளை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, திரவத்தில் மிதக்குது. நடந்து போய்ச் சுவரில் இடிச்சுக்கிட்டா அந்தத் திரவம் சமாளிக்கும். 40-ல் மண்டை ஓடு சட்டென்று நின்றால், மூளை போய் உள்சுவரில் மோதும். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே காயம் வருவது இப்படித்தான். ஹெல்மெட்டில் வேலை செய்வது பளபளப்பான ஓட்டைவிட, உள்ளே இருக்கிற தெர்மாகோல் மாதிரியான பகுதி. அது நசுங்கும் நேரத்தில் தலை கொஞ்சம் மெதுவாக நிற்குது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே வேலை. ஒருமுறை நசுங்கினால் அது பழையபடி எழும்பாது, அதனால் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடணும். அப்புறம் அந்த வார். பூட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு போனால், ஹெல்மெட்டுக்கும் நிலைமம் உண்டு, மோதினதும் அது தன் வழியில் போயிடும்.

கடைசியாக, ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை அனுப்பிய கேள்வி: கண்ணாடியெல்லாம் மூடின காருக்குள்ள ஒரு ஈ பறக்குது. கார் 60-ல் போகுது. ஈ ஏன் பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கலை? அருமையான கேள்வி. காருக்குள் இருக்கிற காற்றும் காரோடு சேர்ந்து 60-ல் போகுது. அந்தக் காற்றில் பறக்கிறதால ஈயும்தான். கண்ணாடியை இறக்கிட்டா கதை வேற.