ஈரல் சோதனையைக் கேட்டுப் பெறுவோம்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஈரல் புற்றுநோய் தொடக்கத்தில் வலி காட்டாது. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து டாக்டரிடம் ஓடும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே, நோய் தலைகாட்டுமுன் சோதிப்பதே வழி.

யாரைச் சோதிப்பது? ஈரல் சுருங்கிக் கெட்டிப்பட்டவர்களை. ‘ஹெப்படைட்டிஸ் பி’ கிருமி உடலில் தங்கிவிட்டவர்களில் டாக்டர் குறிப்பவர்களை. சம்சு மட்டுமே ஈரலைக் கெடுக்கும் என்றெண்ணாதீர்கள். ஒரு சொட்டும் குடிக்காத தாயிடமிருந்தும் பிரசவத்தில் பிள்ளைக்கு இக்கிருமி தொற்றும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடுவது 1989-ல்தான் தொடங்கியது. அதற்குமுன் பிறந்தோர் ஒருமுறையேனும் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் படம் எடுக்க வேண்டும். ஏ.எப்.பி. என்னும் இரத்தச் சோதனை அதற்குத் துணை, தனியே போதாது. ஈரலில் சிறு கட்டி இருந்தும் அந்தக் கணக்கு ஏறாமல் இருப்பதுண்டு.

டாக்டர்களைக் குறைகூற நான் வரவில்லை. முறை தெரிந்த டாக்டரும் கூட்ட நெரிசலில் அடுத்த தேதி எழுத மறக்கலாம். இரத்தச் சோதனையோடு நிறுத்திவிடலாம். “அடுத்த படம் எப்போது, ஐயா?” என்று நாமே கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று.

கிராணிமார்களே, தொழிலாளி இசைந்தால் அவருடைய தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டுங்கள். நிர்வாகத்திடம் நம் கோரிக்கை ஒன்றே: படம் எடுக்கப் போகும் நாளில் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஆண்டுக்கு 2 நாள். அதன் எதிரே ஓர் உயிர்! தீர்மானத்தை ஆதரியுங்கள்.