அம்மாவின் முதுகு
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் பேசியது)

தோழர்களே, அக்காமாரே,

என் வகுப்பில் நடக்க முடியாத பிள்ளை ஒன்று. ஒன்பது வயது. மேல் லயத்திலிருந்து அம்மாதான் முதுகில் சுமந்து வருவார். அப்படியே மலைக்கு ஓட வேண்டும். பிந்தினால் அரைப் பேர். பின்னேரம் கொழுந்துச் சாக்கை இறக்கிய அதே முதுகில் மறுபடி பிள்ளை.

போன மாதம் அவரால் நிமிர முடியவில்லை. "மருந்து எடுத்தீங்களா அக்கா?" என்றேன். "காலையில போனா பேர் போயிரும். பின்னேரம் பிள்ளையை யாருகிட்ட விடுறது டீச்சர்?" எனக்குப் பதில் வரவில்லை.

அப்பாமாரே, ஞாயிறு பின்னேரம் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டுங்கள். அந்த இரண்டு மணித்தியாலம் அவர் தூங்கட்டும், சும்மா இருக்கட்டும். அதைச் சோம்பல் என்று பேசும் வாய் நம் லயத்திலும் உண்டு!

பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம்தான் தாய்க்கும் மூச்சு விடும் நேரம். ஊனத்தைக் காட்டிப் பள்ளி அனுமதியை மறுக்கக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். உதவிப்பணத்துக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன்.

நாளைப் பின்னேரம் அந்த அக்கா மருந்துக்குப் போகிறார். பிள்ளையோடு இருக்க யார் வருகிறீர்கள்?