முதல் அடியும் ஊரின் மௌனமும்



கொலையையும் கும்பல் வன்முறையையும் பற்றிப் பேச உதகையில் ஏன் கூட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். குளிருக்கும் தேயிலைக்கும் பேர்போன மலையில் இதற்கென்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட் காவலாளி கொல்லப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 1835இல் இதே மலையில் 48 குறும்பப் பழங்குடியினர் கொல்லப்பட்டது எத்தனை பேருக்குத் தெரியும்?

1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் அந்த எண்ணிக்கை இருக்கிறது. 1875இலும் 1882இலும் அதேபோன்ற கொலைகள், எண்ணிக்கையில் குறைவாக. 1900இல் ஒரு குறும்பக் குடும்பமே அழிக்கப்பட்டது. குடும்பத் தலைவர் மருந்து தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். படகர் ஊர் ஒன்றில் நோயும் சாவும் வந்தபோது, ஏவிவிட்டவர் அவர்தான் என்று நம்பினார்கள். சுற்றுவட்டாரமே கொன்றவர்கள் பக்கம் நின்றது. துப்புத் துலக்குவது பெரும்பாடாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். பதிவில் இருப்பது இவ்வளவே.

கொல்லப்பட்டவர் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்நாளில் படகர் வயலில் விதைப்புத் தொடங்க வேண்டுமானால் குறும்பர் வர வேண்டும். அவர் கையால் முதல் பிடி விதை விழுந்த பிறகுதான் மற்றவர்கள் நிலத்தில் இறங்குவார்கள். தேனும் காட்டுப்பொருளும் அவர் கொண்டுவருவார்; ஊரிலிருந்து தானியம் பெற்றுச் செல்வார். நிலத்துக்கு நன்மை வரவைக்கும் ஆற்றல் அந்தக் கைக்கு உண்டு என்று நம்பியவர்கள்தான், மாடு செத்தாலும் பிள்ளை செத்தாலும் அதே கையைச் சந்தேகித்தார்கள். முன்பின் அறியாத அந்நியன்மீது வந்த வெறுப்பாக இதைச் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் அழைத்து, தானியம் அளந்து கொடுத்த ஆளைத்தான் கொன்றார்கள்.

இன்னொரு செய்தியையும் கிரிக் என்ற ஆங்கில அதிகாரி எழுதியதாகத் தர்ஸ்டன் எடுத்துக்காட்டுகிறார். தோடர் ஒருவர் முதல் அடியை அடிக்கும்வரை மலையின் மற்றக் குடிகளான கோத்தரோ இருளரோ படகரோ குறும்பர்மீது கை வைக்க மாட்டார்களாம். அந்த அடி விழுந்ததும் மற்றவர்கள் சேர்ந்து முடித்துவிடுவார்களாம். இது ஆங்கில அதிகாரியின் எழுத்து. யாரிடம் கேட்டு எழுதினார், எத்தனை நிகழ்வுகளை வைத்துச் சொன்னார் என்ற கேள்விகளோடுதான் இதைப் படிக்க வேண்டும். இந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்று இதே அவையில் ஆய்வாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தச் சமூகத்தின் நெற்றியிலும் கொலைகாரர் என்று எழுத இந்தக் கருத்தரங்கு கூடவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்தக் குறிப்பு கும்பலைப் பற்றிய நம் வழக்கமான பேச்சைக் கலைத்துப் போடுகிறது. ‘ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டார்கள்’ என்கிறோம். இங்கே கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது. முதலில் ஒருவர் பெயர் சுட்டப்படுகிறது. பிறகு அனுமதி தேடப்படுகிறது. அடி பலர் கையில் பங்கிடப்படுகிறது. கடைசியில் ஊர் வாய் மூடுகிறது. ஒழுங்கு மிக்க இந்தச் செயலைக் கட்டுக்கடங்காத ஆவேசம் என்று அழைப்பது, செய்தவர்களுக்கு நாமே சாக்குச் சொல்லிக் கொடுப்பதாகும். என் கருத்து இதுதான்: வன்கொலைகளை வகைப்படுத்தும்போது அடி விழுந்த கணத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும், அதற்கு முன்பு யார் அனுமதித்தார், பின்பு யார் மறைத்தார் என்பதையும் சேர்த்தே வகை பிரிக்க வேண்டும்.

சட்டம் வேறு வழியில் வந்தது. மெக்காலே குழு 1837இல் அளித்த வரைவிலிருந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், எண்ணத்தையும் அறிவையும் அளவுகோலாக வைத்தது. கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், பொது நோக்கம் கொண்ட, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்த கூட்டம் என்று பிரித்தது. கும்பல் கொலைக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவில்தான் அது வந்தது: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்தால் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

இந்தப் பட்டியலை 2018 மே மாதத்தோடு வைத்துப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்கு வந்த குடும்பத்தினர் வழி கேட்க நின்றார்கள். அவர்களோடு வந்த 65 வயது அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். இனமா, மொழியா, நம்பிக்கையா? எதில் அடக்குவது? அதே ஆண்டு ஜூலை 17இல் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் எஸ்.பி. தகுதிக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி வேண்டும் என்றது. அடி விழும் முன்பே தலையிட வேண்டும் என்ற அந்தப் பார்வையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

அடிக்குப் பின் நடப்பதற்குக் கீழவெண்மணியை நினைத்தாலே போதும். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே குடிசையில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. 1900இல் நீலகிரியில் நடந்த விடுதலைக்கும் இதற்கும் இடையே 73 ஆண்டுகள்.

இந்த மலை கும்பலிடமிருந்து தப்பியவர்களின் மலையும்கூட. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் லயங்களில் (வரிசை வீடுகளில்), தலைமுறைகளாக வாழ்கின்றன. இலங்கையில் 1977இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்று பலர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். பட்டியலைக் கொடுத்த கை எது என்பது நம் ஆய்வுக்கு மையமான கேள்வி. லயத்து முதியவர்களின் வாக்குமூலங்களை முறையாகப் பதிவு செய்ய நம் பல்கலைக்கழகங்கள் உடனே இறங்க வேண்டும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1835 பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் அதிகாரிகளும் இனவரைவியலாளர்களும் எழுதியவை. கொல்லப்பட்ட 48 பேரில் ஒருவர் பெயர்கூட அச்சில் நான் கண்டதில்லை. குறும்பர் குடியிருப்புகளில் இன்றைய பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், எந்தப் பாறையை, எந்த ஓடையைக் காட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் அதையும் மதித்துத் திரும்புங்கள். சென்னை ஆவணக் காப்பகத்தில் 1900ஆம் ஆண்டுக் காவல், நீதித்துறைக் கோப்புகளைத் தேடுங்கள். யார் சாட்சி சொன்னார், யார் பின்வாங்கினார், அந்தக் குடும்பத்தின் நிலம் யார் கைக்குப் போயிற்று?

முதல் அமர்வு ஆவணங்களைப் பற்றியது. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.