கோழியைக் குளிப்பாட்டிச் சோதனை

இறகு நீக்கிச் சுத்தம் செய்த முழுக் கோழியில் சால்மொனெல்லா கிருமி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்காவது ஒரு துண்டு தோலைச் சீவிப் பார்க்கலாம். ஆனால் கிருமி அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும் என்பது என்ன நிச்சயம்?

அமெரிக்காவில் அரசு ஆய்வாளர்கள் கோழியையே குளிப்பாட்டிவிடுகிறார்கள். குளிரூட்டும் தொட்டியைத் தாண்டி வந்த ஒரு கோழியை எடுத்து, நீரை வடியவிட்டு, கிருமி நீக்கிய பையில் போடுவார்கள். 400 மில்லி பெப்டோன் கரைசலை ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் நன்றாகப் படும்படி ஒரு நிமிடம் ஆட்டுவார்கள். ஆய்வகத்துக்குப் போவது கோழி அல்ல, அது குளித்த தண்ணீர்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆலைகளில் பெராசெட்டிக் அமிலம் போன்ற கிருமிக்கொல்லிகளைக் கோழிமேல் பயன்படுத்துகிறார்கள். அதில் கொஞ்சம் பைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? போகிற வழியிலேயே கிருமிகள் செத்துப்போகும். கோழியில் கிருமி இருந்தும், சோதனை 'இல்லை' என்று சொல்லிவிடும். அதனால் 2016-இல், அந்த மருந்தை முறிக்கும் பொருள்களைக் கரைசலிலேயே கலந்துவிட்டார்கள்.

ஐரோப்பிய நாடுகளில் குளிப்பாட்டுவதெல்லாம் இல்லை. கழுத்துத் தோலை வெட்டி எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆலையில் கோழி தலைகீழாகத் தொங்குகிறது அல்லவா? கழுவிய நீரெல்லாம் வடிந்து இறங்குவது கழுத்துக்குத்தான். எனக்கென்னவோ, இந்த யோசனைதான் கூடுதல் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.