வீட்டுக் கழிவுநீரும் கிணற்று நீரும்



உரமிடும் முன் மண்ணைப் பரிசோதிக்கிறீர்கள். கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்க்கிறீர்கள். ஆனால் செப்டிக் டேங்க் அமைக்கும்போது மட்டும் மண்ணைப் பற்றி நாம் கேட்பதில்லை. காலியாக உள்ள மூலையில் குழி வெட்டிவிடுகிறோம். அந்தக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்துள்ள 15 மாவட்டங்களைக் குறிப்பிட்டது. அவற்றுள் நமது விழுப்புரமும் ஒன்று. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பதே இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவை ஏற்கும் திறன் குறையக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். பிளீச்சிங் பவுடராலும் பயனில்லை.

இது எங்கிருந்து வருகிறது? ஒருவரின் மலசலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ தழைச்சத்து உள்ளது. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் இது 13.5 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். வயலில் இட்ட யூரியாவும், கிணற்றோரம் உள்ள எருக்குழியும் காரணங்களே. ஆனால் வயலில் இட்டதில் ஒரு பங்கைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. ஆழமான குழியில் விடுவதை எந்த வேரும் எட்டுவதில்லை.

செப்டிக் டேங்க் கசடைத்தான் தங்கவைக்கும். தழைச்சத்தின் பெரும்பகுதி அமோனியாவாகக் கழிவுநீருடன் வெளியேறும். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். களிமண் அமோனியாவைப் பிடித்துவைக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. எனவே நீர் விரைவாக இறங்கும் மணற்பாங்கான நிலம் குழிக்கு வசதி, கிணற்றுக்குக் கேடு. செஞ்சி மலைகளைப் போலவே அவலூர்பேட்டை வட்டாரமும் கடும்பாறைப் பகுதியாகும். மண் ஆழமில்லாத இடத்தில் கழிவுநீர் பாறை வெடிப்பில் இறங்கினால், வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேரும்.

மண்ணின் தன்மையை நீங்களே அறியலாம். கழிவுநீர் விடப்போகும் ஆழத்திற்கு, 10 முதல் 30 சென்டிமீட்டர் அகலத்தில் குழி எடுங்கள். அடியில் 5 சென்டிமீட்டர் பருமணல் இட்டு, நீர் நிரப்பி ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மணலுக்கு மேல் 15 சென்டிமீட்டர் நீர் நிறுத்தி, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, ஓர் அங்குலத்திற்கு எத்தனை நிமிடம் எனக் கணக்கிடுங்கள். 30 நிமிடத்திற்குள் இறங்கினால் உறிஞ்சுகுழியோ, பரவல் வாய்க்காலோ அமைக்கலாம். 30 முதல் 60 நிமிடம் ஆனால் பரவல் வாய்க்காலே ஏற்றது. அதற்கும் மேல் ஆனால், கரிசல் நிலத்தில் நேர்வது போல, அந்த இடம் உகந்ததன்று. சில நிமிடங்களிலேயே இறங்கிவிட்டால் மகிழ வேண்டாம். கிணற்றை நினைத்துப் பாருங்கள்.

கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்வது நலம்:

1. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் இடத்திற்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி, இடைவெளி வேண்டும். பக்கத்து வீட்டாரின் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். பாறை நிலத்தில் இன்னும் தள்ளி, கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில் அமைப்பது நன்று.

2. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மார்கழியில் கிணற்று நீர்மட்டத்தைப் பாருங்கள். குழியின் அடிப்பகுதி அதற்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கோடையில் பார்த்து ஏமாற வேண்டாம்.

3. தண்ணீர் தட்டும் வரை உறை இறக்குவதும், பாழ்கிணற்றில் கழிவை விடுவதும் கூடவே கூடாது.

4. பரவல் வாய்க்காலை ஆழமின்றி அமைத்து, அருகில் வாழை வைத்தால் தழைச்சத்தில் ஒரு பங்கு பயிருக்குப் பயன்படும்.

5. இடமிருந்தால் இரட்டைக்குழிக் கழிப்பறை சிக்கனமானது. நிரம்பிய குழியை இரண்டு ஆண்டுகள் மூடிவைத்தால் மக்கி உரமாகும். இதற்கும் நீர்மட்ட விதி பொருந்தும்.

ஏற்கெனவே குழி அமைத்தவர்கள் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருந்தால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்த நீரைக் கொடுக்காதீர்கள். பாசனத்திற்குப் பயன்படுத்தலாம், ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ தழைச்சத்து சேரும். அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கட்டிய குழியை இடம் மாற்றுவது செலவு. கெட்ட கிணற்றைத் திருத்தவோ பல ஆண்டுகள் ஆகும். ஒரு நாள் சோதனைக்கு ஆகும் செலவு, ஒரு கூடை மணலும் சில குடம் தண்ணீரும்தான். கொத்தனாரை அழைக்கும் முன் அதைச் செய்து பயனடைவீர்களாக.