பாஸ்புக் மாதிரிதான் மெயிலும்

நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். பட்டதைச் சொல்றேன்.

என் மகளோட பொறியியல் கலந்தாய்வுக்காக, சடையங்குப்பத்திலிருந்து மணலி போய் ஒரு பிரவுசிங் சென்டரில் மெயில் ஐடி போட்டோம். கடைத் தம்பி அவசரத்தில் தன் செல் நம்பரையே கொடுத்துட்டார். அப்புறம் மெயில் பார்க்கப் போனா பாஸ்வேர்டு மறந்துபோச்சு. ஓடிபி அவர் நம்பருக்குப் போகுது, அவரோ வேலையை விட்டுப் போயிட்டார்! தேடிப் பிடிக்க மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் மகள் சரியா சாப்பிடலை.

அதனால, மெயில் தொடங்கும்போது உங்க நம்பரையே கொடுங்க. பாஸ்வேர்டு தப்புன்னு வந்தா, முதல்ல கேப்ஸ் லாக் எரியுதான்னு பாருங்க. கடைக் கம்ப்யூட்டர் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ன்னு கேட்டா, வேண்டாம்னு அழுத்துங்க. பக்கத்தை மூடினா மட்டும் போதாது, ‘சைன் அவுட்’ கொடுக்கணும். மறந்துட்டு வந்துட்டீங்களா? வீட்டுக்கு வந்ததும் செல்போனில் பாஸ்வேர்டை மாத்திடுங்க. இன்னொண்ணு, 2 வருஷம் திறக்காமலே விட்டா கூகுள் கணக்கையே நீக்கிடலாம்.

குழு பாஸ்புக்கை யார் கையிலயாவது விட்டுட்டு வருவோமா? மெயிலும் அப்படித்தான்.