மாரியப்பன் தாண்டிய உயரம்

   

மனவுறுதியைப் பற்றிப் பேசுமாறு நமக்கு ஆணையிட்டிருக்கிறார்கள். அச்சொல்லை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகிறோம். நமக்கு வேறொன்றும் தராதவர்கள்கூட அதை மட்டும் தாராளமாக வழங்கியிருக்கிறார்கள்! ஆகவே சொல்லை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பார்ப்போம். அவர் தொலைதூரத்தவர் அல்லர். அண்டை மாவட்டமாகிய சேலத்தில், ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டியில் 1995ஆம் ஆண்டு பிறந்த மாரியப்பன் தங்கவேலு.

ஐந்து வயதில் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தபோது பேருந்து ஒன்று அவருடைய வலது காலின் மீது ஏறியது. முழங்காலுக்குக் கீழே அக்கால் சிதைந்துபோயிற்று. தாயார் சரோஜா கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். ஓர் ஏழைத் தாயின் மகன் என்னும் உறவே நமக்குப் போதும். வேறு உறவு தேட வேண்டியதில்லை.

பள்ளியில் அவர் விரும்பி ஆடியது கைப்பந்து. உயரம் தாண்டிப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த ஆசிரியரின் கண்ணை நாம் வியக்கிறோம். உயரம் தாண்டுதலில் எவராயினும் ஒற்றைக் காலை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். இரு கால்களையும் ஊன்றி எழும்பினால் அத்தாவல் செல்லாது. விதியே அப்படி இருக்கிறது!

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்கில் அவர் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் இளைஞர்கள் பார்க்க வேண்டியது அதற்கு முந்திய ஆண்டுகளை. வீட்டுச் செலவுக்காக விடியற்காலையில் செய்தித்தாள் போட்டார்; கட்டட வேலைக்குச் சென்றார். 2013இல் ஒரு தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டார். 2015இல்தான் பெங்களூருக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளித்தார். இடையில் இரண்டு ஆண்டுகள். அவ்வாண்டுகளில் கைதட்ட எவரும் இல்லை. ரியோவுக்குத் தகுதி பெற டுனீசியாவில் அவர் தாண்டியது 1.78 மீட்டர், ரியோவில் தாண்டியது அதனினும் பதினொரு சென்டிமீட்டர் அதிகம். கையால் அளந்தால் அரைச் சாண்! அந்த அரைச் சாணுக்காக ஒரு மனிதன் எத்தனை முறை மெத்தையில் விழுந்து எழுந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

உயரம் தாண்டுபவர்கள் ஓடத் தொடங்கும் இடத்தை அடியளந்து குறியிட்டுக்கொள்கிறார்கள். ஓர் அடி பிசகினாலும் கோல் விழும். கவனம் என்பது கோலின் உயரத்தை வெறித்து நோக்குவதன்று. தன் அடிகளை எண்ணுவது. தேர்வுக்கு முந்திய இரவில் முழுப் புத்தகத்தையும் பார்த்துக் கலங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. அவ்விளையாட்டில் ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு உண்டு. வென்றவருக்கும் கோலை மேலும் உயர்த்துகிறார்கள். ஆகவே தங்கம் பெற்றவரின் கடைசித் தாவலும் பெரும்பாலும் கோலைத் தட்டிவிட்டுத்தான் முடிகிறது. கோல் விழுந்தது என்பதற்காக அவர்கள் எவரும் வெட்கிக் களத்தை விட்டு ஓடுவதில்லை.

2021இல் நடந்த டோக்கியோ போட்டியை எடுத்துக்கொள்வோம். தொடக்க விழாவில் நாட்டுக் கொடியை ஏந்த வேண்டியவர் மாரியப்பன். உடன் விமானத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா என்றதும் அவரைத் தனிமைப்படுத்தினார்கள். கொடி வேறொருவர் கைக்குப் போயிற்று. போட்டி நாளில் மழை. ஊனமுற்ற காலின் காலுறை நனைந்து கனத்தது. 1.86 மீட்டர் தாண்டியவர் 1.88இல் மூன்று முறையும் தவறினார். அமெரிக்கரான சாம் கிரூ தம் மூன்றாம் முயற்சியில் அதைத் தாண்டித் தங்கத்தை எடுத்துக்கொண்டார். மாரியப்பனுக்கு வெள்ளி. 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 தாண்டி உலகச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் பெற்றார். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிவிட்டாரே என ஒரு நண்பர் நம்மிடம் வருந்தினார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்பது அந்நண்பருக்குத் தெரியவில்லை!

இனி, சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். உறுதி இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நாம் உங்களிடம் பொய் சொல்லமாட்டோம். பால்வங்கர் பாலூ என்னும் பந்துவீச்சாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, பூனாவில் வெள்ளையர் மைதானத்தைச் செப்பனிடும் வேலையில் இருந்தபடியே பந்துவீசப் பழகியவர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் பந்து வேண்டியிருந்தது. ஆனால் பூனாவில் தேநீர் இடைவேளையின்போது அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அணித் தலைவராக அவரை நியமிக்கவே இல்லை. தம்பி விட்டல்தான் 1923இல் இந்து அணியின் தலைவரானார். பாலூவிடம் உறுதி குறைவாகவா இருந்தது?

மாரியப்பனுக்கும் ஒரு தாய், ஓர் ஆசிரியர், ஒரு பயிற்சியாளர் வேண்டியிருந்தது. கால் அவருடையது, களத்தைக் காட்டியவர்கள் மற்றவர்கள். நம் பெரியோர் இச்சங்கத்தைத் தொடங்கியதும் அதற்காகத்தானே? ஓலைக் கொட்டகையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு தொடங்கினோம். அந்த விளக்கின் கீழ் படித்தவர்களில் சிலர் இன்று இம்மேடையில் இருக்கிறார்கள்.

ஆனால் சென்ற தேர்வில் கணக்கில் தவறிய நம் பிள்ளைகள் மூவர் முடிவு வந்த வாரமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பேருந்து ஏறிவிட்டனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. கூலி வேலை மாரியப்பனும் செய்ததுதான். ஒருமுறைதான் கோல் விழுந்திருக்கிறது என்பதை அவர்களிடம் போய்ச் சொல்லாத குறை நம்முடையது. எவரும் பேருந்து நிலையம்வரைகூடச் செல்லவில்லை.

துணைத் தேர்வுக்கான கணக்கு வகுப்பு வரும் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் தொடங்குகிறது. தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கும். அம்மூவரின் பெற்றோரும் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். இன்றிரவே பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேருந்துச் செலவுக்கு நம் பொருளாளரைக் கேளுங்கள்.